கோயில் லேப்டாப்பும் ஒரு பேனாவும்



ஆடி மாசத்துல கோயிலுக்கு வந்தவங்க பல பேர் கேட்டாங்க, “கவுண்டர் லேப்டாப் உடைஞ்சிருச்சாமே, உபயப் பட்டியல் என்ன ஆச்சு?” என்று. பட்டியல் பத்திரமா இருக்கு. லேப்டாப்பும் வேலை செய்யுது. ஆனா நடந்ததை முழுசா சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஆடி முதல் வெள்ளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிறு மாலை. கவுண்டர்ல நல்ல கூட்டம். எங்களோடு தொண்டு செய்யும் ஒரு தம்பி, மூன்றாம் படிவம் படிக்கிற பையன், மணிச் சத்தம் கேட்டதும் தீபாராதனை பார்க்கிற அவசரத்தில் லேப்டாப்பை மூடினான். கீபோர்டு மேல ஒரு பேனா கிடந்திருக்கு. ‘டக்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் திரை முழுக்க விரிசல், பாதி கறுப்பு.

அடுத்து நாங்கள் செய்ததுதான் தப்பு. பக்தர்கள் வரிசையில் நிற்கும்போதே, “கண்ணு தெரியலையா உனக்கு?” என்று சத்தம் போட்டோம். தம்பி ஒரு வார்த்தை பேசலை. திங்கட்கிழமை கோயிலுக்கு வரலை.

அன்றைக்கே லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ வயரில் மண்டபத்து டிவியோடு இணைத்துப் பார்த்தோம். டிவியில் எல்லாம் தெளிவாக வந்தது. அப்போதான் எங்களுக்கு மூச்சு வந்தது. உடைஞ்சது திரை மட்டும், உள்ளே உள்ள கணக்குக்கு ஒண்ணும் ஆகலை. உடனே உபயப் பட்டியலை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். ஒரு கடையில் விசாரித்தோம். 550 ரிங்கிட், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குக் கிடைக்காது. உத்தரவாதக் காலமும் முடிஞ்சு போச்சு. சரி, நாமே மாற்றலாம் என்று முடிவெடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை தம்பியின் அம்மா வந்தாங்க. கையில் ஒரு கவர், உள்ளே 300 ரிங்கிட். “மிச்சத்தை அடுத்த மாசம் தர்றேன், அவனை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவிச் சம்பாதிச்ச காசு அது. எங்களால் அவங்க முகத்தைப் பார்க்க முடியலை. “காசு வேண்டாம் அக்கா, தம்பியை மட்டும் அனுப்புங்க” என்று கவரைத் திருப்பிக் கொடுத்தோம்.

ராத்திரி நடை சாத்தின பிறகு தம்பி வந்தான். அலுவலக மேசையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தோம். சார்ஜரைப் பிடுங்கினோம். அடி மூடியைக் கழற்றி முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தோம். திரைக்குப் போகும் வயரில் மின்சாரம் இருக்கும்போது கை வைத்தால் போர்டே கெட்டுப் போகலாம். கழற்றின ஸ்குருக்களைத் தம்பிதான் காலிக் குங்குமக் கிண்ணங்களில் தனித்தனியாகப் போட்டு வைத்தான். திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைப் பழைய கார்டு ஒன்றால் மெல்ல நெம்பினோம். ஒவ்வொரு கிளிப்பும் ‘டிக் டிக்’ என்று விடும்போது எங்களுக்குக் கை நடுங்குச்சு. அவனுக்கு நடுங்கலை.

உடைந்த திரையைக் கீபோர்டு மேல் கவிழ்த்து வைத்தபோது எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “பேனாவை அங்க வச்சது நான்தான். ரசீது எழுதிட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன்.”

யாரும் பேசலை. பேனா யாருடையது என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவே இல்லையே. மூடினவன் கைதான் கண்ணில் பட்டது. தம்பி நிமிர்ந்து பார்த்தான். “பரவாயில்லை அண்ணே, நானும் பார்த்து மூடியிருக்கணும்” என்றான்.

திரையின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைப் படம் பிடித்து, அதே எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. எங்களுடையது 15.6 அங்குலம், 1920 x 1080, 30 பின். 40 பின் உள்ளதை வாங்கியிருந்தால் பொருந்தாது. மறுநாள் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் 230 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. கோயில் பணம் இல்லை, பேனா வைத்தவரே கொடுத்தார்.

புதன் ராத்திரி வயரைச் சொருகி, சட்டத்தை மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து ஒரு தடவை ஆன் செய்து பார்த்தோம். திரையில் அம்மன் படம் வந்தது. தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுபடியும் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சட்டத்தை அழுத்திப் பொருத்தினோம். எல்லாவற்றையும் மூடின பிறகு கிண்ணத்தில் ஒரு ஸ்குருகூட மிச்சம் இல்லை.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: தொடுதிரை உள்ள லேப்டாப் வேலை கொஞ்சம் கஷ்டம், உத்தரவாதம் இருந்தால் திறக்காதீங்க, பேட்டரி உப்பியிருந்தால் தொடவே தொடாதீங்க. பழைய திரையைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்க.

தம்பியை வரிசையில் நின்றவர்கள் முன்னால் திட்டினோம். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அது பாதிதான். அதனால் அவங்க அம்மாவிடம் அனுமதி கேட்டு, இங்கே எல்லாருக்கும் தெரியும்படி சொல்கிறோம்: தப்பு எங்களுடையது. எங்களை மன்னிச்சிடு, தம்பி.

இப்போ கவுண்டரில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கு: “மூடும் முன் கையால் தடவிப் பார்க்கவும்.” அடுத்த தடவை அர்ச்சனைச் சீட்டு வாங்க வரும்போது அவனைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போங்க.

அம்பாள் அருள் அனைவருக்கும் கிட்டட்டும்.