எஞ்சின் மாறின மொறிஸ் மைனர்

மாமா ஒரு மொறிஸ் மைனர் வாங்கப்போறார். நிசான் எஞ்சின் போட்டதாம், ‘பறக்கும்’ எண்டு விக்கிறவர் சொல்லுறார். பறக்கிறது இருக்கட்டும், நிக்குமா? மாமியும் பிள்ளைகளும் ஏறப்போற கார். 1948இல் வந்த முதல் மைனருக்கு 918 சிசி எஞ்சின். கடைசி மைனர் வரைக்கும் நாலு சில்லுக்கும் டிரம் பிறேக்தான். எஞ்சினை மாத்தினவை பிறேக்கை மாத்தினவையோ? சில்லைக் கழட்டிப் பாக்கோணும். முன்சில்லை ஏந்துற கீழ் மூட்டு கிறீஸ் காணாமல் தேஞ்சிருந்தால், ஓடேக்கையே சில்லு மடிஞ்சு விழும்.

ஒரு காந்தமும் கொண்டுபோகலாம். இந்தக் காருக்குத் தனிச் செசி இல்லை, பொடிதான் எல்லாத்தையும் தாங்குது. கதவடியில் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கை தகரமில்லை, பட்டிதான். மாமாவோ பச்சைப் பெயின்டிலேயே மயங்கி நிக்கிறார்.

பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் நம்பர்தான் இருந்தால், விக்கிறவரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிஞ்சு தரட்டும். அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுக்கவே கூடாது.