6 டொலரும் 8 பேரும்

போன வருஷம் பரீட்சைக் காலம். ஹொஸ்டலில் இரவு ஒரு மணி இருக்கும். நோட்ஸை விரித்து வைத்துவிட்டு யூரியூப் பார்க்கிற அந்த நேரம் உங்கள் எல்லாருக்கும் தெரியும்தானே. ஒரு வீடியோ முடிய, அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. பெரிய மேடை இல்லை, புகை இல்லை, கலர் லைற் இல்லை. எட்டுப் பேர் கிட்டக்கிட்ட நின்று வாசிக்கிறார்கள். ஒருவன் கீபோர்ட்டில் இருந்தபடி தொண்டை கிழியப் பாடுகிறான். பக்கத்தில் ஒரு பெண், அவன் விட்ட இடத்தில் பிடித்து இன்னும் மேலே கொண்டுபோகிறாள். பின்னால் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும்.

பாட்டின் பெயர் 'டோன்ட் லூஸ் சைட்'. அந்த இரவு அதை ஆறு தரம் கேட்டேன். பரீட்சை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

அந்த பான்டின் பெயர் லோறன்ஸ். கிளைட் லோறன்ஸ், கிரேசி லோறன்ஸ் என்ற அண்ணன் தங்கையின் குடும்பப் பெயர்தான் அது. இரண்டு பேரும் நியூயோர்க்கில் வளர்ந்தவர்கள். அப்பா மார்க் லோறன்ஸ் ஹொலிவூட்டில் படம் எழுதுபவர், இயக்குபவர். அவர் எழுதிய 'மிஸ் கொன்ஜீனியாலிற்றி' படத்துக்காகச் சின்னப் பையனாக இருந்த கிளைட் ஒரு பாட்டே போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆகவே இது ஒன்றும் குடிசையில் இருந்து கோபுரத்துக்குப் போன கதை இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கொமென்ற்றில் யாராவது சொல்வீர்கள்.

ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்பதற்காக எட்டுப் பேர் பான்டுக்கு வழி தானாகத் திறந்துவிடவில்லை. கிளைட் பிரவுண் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கூட்டாளிமாரைச் சேர்த்து உருவானது இந்தக் குழு. 2016இல் முதல் அல்பம் 'பிரேக்ஃபாஸ்ட்'. 2018இல் 'லிவிங் ரூம்'. பெயர்களைப் பாருங்கள், காலைச் சாப்பாடு, வீட்டு ஹோல். பெரிய ஹிட் ஒன்றும் இல்லாமல், ஊர் ஊராகப் போய் சின்னச் சின்ன இடங்களில் வாசித்து, வந்தவர்கள் அடுத்த முறை கூட்டாளிமாரைக் கூட்டிக்கொண்டு வர, அப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். 2021இல் ஜோன் பெலியன் என்ற பாடகரின் சின்ன லேபிளோடு சேர்ந்து 'ஹோட்டல் ரீவி' வந்தது. 'டோன்ட் லூஸ் சைட்' அதில்தான். மனம் தளர்கிற நேரத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரியான பாட்டு. அது ஒரு விளம்பரத்திலும் ரேடியோவிலும் ஓட, வெளி உலகத்துக்கு இவர்களைத் தெரிய வந்தது.

இவர்களுடைய இசையை சோல்-பொப் என்கிறார்கள். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இருந்து வெளியே வந்த இசை. ஒருவர் பாட, கூட்டம் திருப்பிப் பாடும். எங்கள் கோயில் பஜனையில் ஐயா ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே கொடுக்கல் வாங்கல்தான். சோலில் அந்தத் திருப்பிப் பாடும் வேலையில் பாதியை ஹோர்ன்ஸ் எடுத்துக்கொள்ளும். பாடகர் ஒரு வரி பாடி மூச்சு வாங்க, அந்த இடைவெளியில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் பதில் சொல்லும்.

இதனால்தான் இவர்களுடைய பாட்டை ஸ்ரூடியோ அல்பத்தில் கேட்பதும் லைவாகப் பார்ப்பதும் ஒன்றில்லை. உண்மையைச் சொன்னால் அல்பங்களில் சில பாட்டுகள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகக் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருக்கும், ஆனால் வேர்வை இருக்காது. லைவில் பார்த்தால் அதே பாட்டு வேறு மிருகம். ஹோர்ன்ஸ் வாசிப்பவர்கள் ஓரத்தில் நிற்கிற ஆட்கள் இல்லை, முன்னுக்கு வந்து ஆடுகிறார்கள். கிரேசி அவர்களோடு சேர்ந்து ஆடிவிட்டு, மூச்சிரைக்காமல் மைக்குக்கு வந்து இன்னொரு உச்சத்தைத் தொடுகிறாள். அந்த உச்சத்தில் அண்ணன்காரன் கீபோர்ட்டில் இருந்து நிமிர்ந்து தங்கையைப் பார்த்துச் சிரிக்கிறான். எத்தனையோ நூறு தரம் சேர்ந்து பாடிய பாட்டு. ஆனாலும் "இவள் இப்ப என்ன செய்யப்போறாள்?" என்ற பார்வை அது.

நான் இவர்களை நேரில் பார்த்ததே இல்லை. நியூயோர்க் எங்கே, நான் எங்கே. அஞ்சு இஞ்சிப் போன் ஸ்கிறீனில், ஒரு காதில் மட்டும் வேலை செய்கிற இயர்போனில் பார்த்தவள்தான். அப்படியிருந்தும் அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது ஏன் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று யோசித்தேன். காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் அண்ணா கீபோர்ட் வாசிப்பவர். ஊரில் ஒரு இசைக்குழுவில் இருந்தார். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் கோயில் பூங்காவனத் திருவிழாவில் அவர்கள் வாசித்தது இப்பவும் ஞாபகம் இருக்கிறது. லொறிப் பெட்டியைத் திறந்து மேடையாக்கி இருந்தார்கள். கீபோர்ட், லீட் கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், ஒக்டோபாட், தபேலா, இரண்டு பாடகர். எட்டுப் பேர். அம்மா கச்சான் வாங்கித் தந்து மண்ணில் பாய் போட்டு இருத்தியிருந்தா. ஒரு பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. ட்ரம்ஸும் தபேலாவும் மட்டும் நிற்கவில்லை. சனம் கைதட்டிக்கொண்டே மிச்சப் பாட்டைப் பாடியது. ஜெனரேற்றர் போட்டு சத்தம் திரும்ப வந்தபோது எல்லாரும் அதே வரியில், அதே தாளத்தில் இருந்தார்கள். ஊரே கத்தியது. லைவ் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பாட்டு உடையக்கூடிய ஒரு பொருளாக எல்லாருக்கும் முன்னால் இருக்கிறது. அதை உடையாமல் எல்லாரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பிறகு எட்டு ஆறானது. தபேலாவின் வேலையை ஒக்டோபாட் செய்யும் என்றார்கள். ஆறு நாலானது. பேஸை கீபோர்ட்டிலேயே போடலாம் என்றார்கள். கொரோனாவில் திருவிழாக்கள் சுருங்கின. 2022இல் டீசல் வரிசை வந்தது, ஜெனரேற்றருக்கே எண்ணெய் இல்லை. அதற்குப் பிறகு ஊரில் கேட்டது ஒரு லப்ரொப், இரண்டு ஸ்பீக்கர். மலிவு, பிசகாது, சாப்பாடும் கேட்காது. அண்ணா இப்போது ரவுணில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கீபோர்ட் பழைய பெட்சீற்றில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

இதை எல்லாம் நான் லோறன்ஸோடு சேர்த்து யோசிக்கக் காரணம், கிளைட் சொன்ன ஒரு கணக்கு.

2022 நவம்பரில் ரெய்லர் ஸ்விஃப்ற்றின் ரிக்கெற் விற்பனையில் ரிக்கெற்மாஸ்ரர் தளம் திணறிப்போனது ஞாபகம் இருக்கும். அதன் பிறகு, 2023 ஜனவரி 24 அன்று அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழு ஒரு விசாரணை வைத்தது. லைவ் நேஷன் நிறுவனமும் ரிக்கெற்மாஸ்ரரும் 2010இல் ஒன்றாகச் சேர்ந்தவை. நிகழ்ச்சியை நடத்துவதும் அவர்கள், பல இடங்களில் மண்டபமும் அவர்களுடையது, ரிக்கெற் விற்பதும் அவர்கள். அந்த விசாரணையில் கலைஞர்கள் பக்கத்தில் இருந்து சாட்சி சொல்லப் போனவன் கிளைட். கூடவே சாக்ஸபோன் வாசிக்கும் ஜோர்டன் கோஹெனும் போனார். லைவ் நேஷனின் பெரிய அதிகாரியும் அதே விசாரணையில் சாட்சி. சரியாகச் சொன்னால் கிளைட்டுக்கு இது புதுச் சண்டை இல்லை. 'ஃபோல்ஸ் அலார்ம்ஸ்' என்ற பாட்டிலேயே அந்த நிறுவனத்தின் ஏகபோகத்தைப் பெயர் சொல்லிக் குத்தியிருக்கிறார்கள்.

கிளைட் போட்ட கணக்கு இப்படி. ஒரு ரிக்கெற் 30 டொலர் என்று வையுங்கள். அதற்கு மேலே கட்டணம் 12 டொலர். ரசிகர் கொடுப்பது 42. செலவெல்லாம் கழித்து பான்டுக்கு வருவது 12. அதில் பாதி பயணச் செலவுக்குப் போய்விடும். மிச்சம் 6 டொலர். அதுவும் வரிக்கு முன்னால், எட்டுப் பேருக்கு. வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு 75 சதம்.

செலவைக் கழிக்கிறது என்று சொன்னேனே, அதிலேதான் விஷயம். நிகழ்ச்சியை நடத்துபவரும் பான்டும் லாபத்தைப் பங்கிடுவது என்றால், செலவு குறைந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் நடத்துபவரே மண்டபக்காரராகவும் இருந்தால், மண்டபச் செலவு அவருக்கு வரவு. எவ்வளவு போட்டாலும் அவருக்கு நட்டமில்லை. சுத்தமான துவாய் 10க்கு 250 டொலர் என்று பில் வந்த கதையையும் கிளைட் சொன்னான். பான்ட் விற்கிற ரீசேர்ட்டில் மண்டபத்துக்கு 20 வீதம் போகிறதாம், ஆனால் மண்டபத்தின் பாரில் விற்கிற குடிவகையில் பான்டுக்கு ஒன்றும் இல்லை.

அந்த வீடியோவை அண்ணாவுக்கு அனுப்பினேன். இங்கிலிஷ் எல்லாம் விளங்காது என்று கணக்கை மட்டும் வொய்ஸில் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"டீசல் காசு ஆர் குடுத்தது?"

"அந்தப் பன்ரெண்டில பாதி அதுக்குத்தான் அண்ணா. டீசல், ஹோட்டல், எல்லாம்."

"அப்ப கணக்குச் சரி. எங்களுக்கும் இப்பிடித்தான். ஜெனரேற்றர்காரன் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எங்கட பங்கு."

பிறகு லைவ் வீடியோ ஒன்று அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை. பிடிக்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் பின்னேரம் கோல் எடுத்தார்.

"என்னடி, பேஸ்காரனும் ட்ரம்ஸ்காரனும் ஆளையாள் பாத்துத்தான் வாசிக்கினம், கவனிச்சனியே?"

நான் கவனிக்கவில்லை. நான் பாடுகிறவர்களைத்தான் பார்த்தேன். போய்த் திரும்பப் பார்த்தேன். உண்மைதான். ஒருவர் தலையை ஆட்ட மற்றவர் நிறுத்துகிறார். ஹோர்ன்ஸ் மூன்றும் ஒன்றாக மூச்செடுக்கின்றன. எல்லாருடைய கண்ணும் யாரோ ஒருவரில் இருக்கிறது. எனக்குச் சிலிர்த்ததே, அது குரலின் உயரத்தால் மட்டும் இல்லை. எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் நம்பி அந்தரத்தில் நிற்கிறதைப் பார்த்துத்தான். லப்ரொப்புக்கு யாரையும் பார்க்கத் தேவையில்லை.

இந்த பான்டின் வளர்ச்சி என்று எல்லாரும் எழுதுவது வேறு பட்டியல். 2023இல் ஜோனஸ் பிரதர்ஸின் மைதானக் கொன்சேர்ட்டுகளில் முன்னால் வாசித்தார்கள், அந்தப் பயணம் தொடங்கியதே சொந்த ஊரில், யாங்கி ஸ்ரேடியத்தில். 2024இல் நாலாவது அல்பம் 'ஃபமிலி பிஸ்னஸ்'. அதே வருஷம் அமெரிக்க நீதித் திணைக்களம் லைவ் நேஷன் மீது வழக்குப் போட்டது. 2025இல் கிரேசி பிரோட்வே நாடகத்துக்காக ரோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டாள். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். ஆளுக்கு 75 சதம் என்று தெரிந்த பிறகும் அவர்கள் எட்டை நாலாக்கவில்லை. ஹோர்ன்ஸை ட்ரக்கில் ஓட விட்டிருக்கலாம். அண்ணனும் தங்கையும் மட்டும் போயிருந்தாலே ரிக்கெற் விற்றிருக்கும். இப்படிச் செய்ய அவர்களுக்கு வீட்டில் ஒரு பக்கபலம் இருந்தது என்பதும் உண்மை. என் அண்ணாவுக்கு அது இருக்கவில்லை. அவருடைய குழு கலைந்ததற்கு அவர்களுக்கு இசையில் ஆசை குறைந்தது காரணமில்லை என்பதை, ஒரு நியூயோர்க் பொடியன் செனட்டில் போட்ட கணக்கைப் பார்த்துத்தான் நான் முழுதாக விளங்கிக்கொண்டேன். இவ்வளவு நாளும் அண்ணா விட்டுவிட்டார் என்றுதான் மனதுக்குள் ஒரு கோபம் இருந்தது.

அடுத்த மாதம் எங்கள் பட்ச்சின் இசை மாலை. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே "கரோக்கே ட்ரக் போடுவம், செலவு குறையும்" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பட்ஜெற் தாளை வாங்கிப் பார்த்தேன். மேடை அலங்காரத்துக்கு ஒரு தொகை, பனருக்கு ஒரு தொகை, அதிதிகளின் நினைவுச் சின்னத்துக்கு ஒரு தொகை. வாசிக்கிற ஆட்களுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை மேலே எழுதிவிட்டு, மிச்சக் காசில் மற்றதைச் செய்வோம் என்றேன். இரண்டு மணித்தியாலச் சண்டை. நினைவுச் சின்னம் போய்விட்டது, பனர் சின்னதாகிவிட்டது.

இரவு அண்ணாவுக்கு அடித்துக் கேட்டேன், வந்து வாசிப்பீங்களா என்று. எவ்வளவு காசு என்று அவர் கேட்கவில்லை.

"எத்தினை பேர்?" என்றார்.

"எட்டுக்குக் காணாது அண்ணா. ஆறு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அலுமாரிப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறு பேர் எண்டா வாறன்."