தண்ணி வருதாம்

செய்யாற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கூட்டம் நிற்கிறது. மொபெட்டில் வந்தவர்கள் வண்டியை அணைக்காமலே எட்டிப் பார்க்கிறார்கள். கீழே இன்னும் மணலும் நாணலும் சீமைக்கருவேலும்தான். நடுவில் ஐந்தாறு ஆடுகள், ஓர் ஆயா.

"ஆயா, ஆட்ட ஓட்டிக்கினு மேல ஏறு! அணை தொறந்துட்டாங்களாம்!"

ஆயா நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறாள். வெளுத்துக் கிடக்கிறது. ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்தால் ஆறு வரும் என்பது அவள் கணக்கு. இப்போது செங்கத்துக்கு மேலே குப்பநத்தம் அணை நிரம்ப வேண்டும். 700 மில்லியன் கன அடி. மதகு தூக்கினால் ஆற்றுக்கு முன்னால் வாட்ஸ்அப் வந்துவிடும். ஆரணி வழியாக வந்து கலக்கிற கமண்டல நாகநதிக்கும் படவேட்டுப் பக்கம் செண்பகத்தோப்பு அணை உண்டு. 287 மில்லியன் கன அடி. ஷட்டர் பழுதால் அது பல வருஷம் முழுசாய்த் தேக்க முடியாமல் கிடந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆளுக்கொரு விதமாக.

"தறிக்குழியில ஈரம் காயல. தெரு காஞ்சாத்தான் பாவு நீட்டலாம்" என்கிறார் ஆரணியிலிருந்து வந்த நெசவாளி. அவருக்கு இன்று வேறு வேலையில்லை.

வந்துவிட்டது. முதலில் தண்ணீர் இல்லை; நுரை, சருகு, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு. பின்னால் செம்மண் கரைசல், மெதுவாக. மணல் அள்ளிய பள்ளம் ஒவ்வொன்றிலும் இறங்கி நின்று, அது நிரம்பிய பிறகே அடுத்த அடி வைக்கிறது. பெரிய பள்ளம் ஒன்றில் வெகுநேரம் காணாமலே போகிறது. பையன்கள் பொறுமையிழந்து போனைத் தாழ்த்துகிறார்கள். மறுகரையோரம் அது சத்தமில்லாமல் முந்திப் போய்விட்டதை ஒருத்தி கண்டு கத்துகிறாள். சுவரில் கற்பூரம் ஏற்றுகிறார்கள்.

"இதுல நம்ம ஏரிக்கு எவ்ளோ?" துண்டை உதறித் தோளில் போட்ட பெரியவர்.

"அனுமன்தண்டலத்துல திருப்பினா உத்திரமேரூர் ஏரிக்குண்ணா. மிச்சம் திருமுக்கூடல்ல பாலாறு."

கர்நாடகமும் ஆந்திரமும் மறித்துக்கொண்ட பாலாற்றுக்கு, பல வருஷம் கீழ்ப்பகுதியில் இந்தச் செய்யாறுதான் துணை.

"அதெல்லாம் தெரியும்பா. நம்ம கால்வாய் மதகு தொறந்தாச்சா?"

ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

"மதகு தொறக்கிற லஸ்கருக்குப் போன் போடு."

போடுகிறான். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்கிறது: நீங்கள் அழைத்த எண் தற்போது ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது.