வெள்ளானூர் வழியில் இரண்டு மண்

சென்னைப் பட்டணத்துக்கு மேற்கே, ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர் என்ற கிராமம் இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் தேடிப் போகும் இடமன்று. ஆயினும் காலடியில் கிடக்கும் மண்ணைக் கவனிக்கும் வழக்கமுடையவர்களுக்கு அந்தப் பிரதேசம் ஒரு நல்ல பாடசாலை.

கிழக்கே செங்குன்றம். அதன் பெயரே அதன் மண்ணுக்குச் சாட்சி. மேட்டு நிலங்களில் துருப்பிடித்த இரும்பைப் போன்ற செம்மண்ணும் சரளையும் காண்கின்றன. பள்ளத்திலுள்ள ஏரிப் படுகைகளிலோ கறுத்த களிமண். மழைக் காலத்தில் வைத்த காலை விடாமல் பற்றிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரே வானத்தின் கீழ், இவ்வளவு அருகருகே, இவ்விரண்டும் இருப்பானேன்?

இந்தப் பக்கத்தில் எரிமலைப் பாறை கிடையாது. ஆவடிப் பூமியின் அடியில் இருப்பவை பண்டைக் காலத்தில் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்த களிப்பாறைகள். எனினும் நம் கேள்விக்கு விடையை எரிமலைப் பாறையினிடம் கேட்பதே சுலபம். ஏனெனில், தக்காணத்தில் இயற்கை ஒரே பாறையை வைத்துக்கொண்டு செம்மண்ணையும் கருமண்ணையும் செய்து காட்டியிருக்கிறது.

சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன், மேற்கு இந்தியாவில் பூமி பிளந்து பாறைக் குழம்பு அலை அலையாகப் பெருகிற்று. அது ஆறிப் படிப்படியாக உறைந்ததே பஸால்ட் என்னும் கரும்பாறை. இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும், மக்னீஷியமும், இரும்பும் அதில் நிறைய உண்டு.

இப்பாறையின் மேல் பெய்யும் மழையின் விந்தையைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள மகாபலேசுவரத்தில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மலையின் மறைவிலுள்ள சோலாப்பூர்ச் சீமைக்குக் கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டர்தான். நெடுங்காலத்து மழை, உச்சியிலுள்ள பாறையின் சுண்ணாம்பையும் மணற்சத்தையும் கரைத்துக் கொண்டு போய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் செம்புரைக் கல்லாக எஞ்சின. மலையாளத்து அங்காடிப்புரத்தில் இக்கல்லைச் செங்கல்போல் வெட்டி எடுப்பதைக் கண்ட பிரான்ஸிஸ் புக்கானன், 1807-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் அதற்கு ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் ‘லாட்டர்’ என்றால் செங்கல்.

வறண்ட கீழ்ச் சீமையிலோ, சத்தை அடித்துச் செல்லப் போதிய ஜலம் இல்லை. பாறையிலிருந்து பிரிந்தவை அங்கேயே தங்கி மறுபடி கூடி, ஏடு ஏடாக அடுக்கிய நுண்ணிய களிமண் ஆகின்றன. ஏடுகளின் நடுவே நீர் புகுந்தால் மண் வீங்குகிறது. நீர் வற்றினால் சுருங்கி வெடிக்கிறது. மேல் மண் வெடிப்புக்குள் சரிந்து விழுவதால், கலப்பையில்லாமலே அது தன்னைத் தானே உழுதுகொள்கிறது! மிஞ்சிய சுண்ணாம்பு, சுக்கான் கல்லாக உள்ளே திரள்கிறது. கறுப்பு நிறத்தைக் கண்டு மக்கிய தழை மிகுதியென்று எண்ண வேண்டாம். உள்ளது சொற்பமே, அது களிமண்ணோடு இறுகக் கலந்திருப்பதால்தான் அவ்வளவு கருமை. நம் வீட்டு வேஷ்டிக்கும் விளக்குத் திரிக்கும் பஞ்சு தந்த மண் இதுவே.

அப்படியானால் எரிமலை இல்லாவிட்டால் கரிசல் இல்லையா? கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் போனவர்கள் சிரிப்பார்கள். அங்கே அடியில் இருப்பது பஸால்ட் அன்று. பழைய பட்டைப் பாறை. இருந்தும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசலே. ஆகவே, பாறை மண்ணுக்குத் தாய் என்றால், மழையும் வடிகாலும் அதை வளர்த்த செவிலிகள் என்றே சொல்ல வேண்டும்.

வெள்ளானூர்ப் பக்கத்து இரண்டு மண்ணும் இதே நியாயத்தின் சிறு பிரதி. மேட்டில் ஜலம் நிற்பதில்லை. சத்து வடிந்து சிவப்பு தங்குகிறது. மேட்டிலிருந்து கரைந்த நுண்துகள்கள் பள்ளத்தில் ஜலத்தோடு வந்து தேங்கிக் களியாகின்றன.

இதெல்லாம் வெறும் சாஸ்திரமென்று தள்ளிவிடலாகாது. பட்டணம் மேற்கே பெருகிவிட்டது. பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொட்டிக் குடும்பங்கள் மனை வாங்குகின்றன. சாலை எவ்வளவு தூரம், ரயில் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறோம். அடியில் என்ன மண் என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? களிமண் மேல் ஆழமில்லாத அஸ்திவாரமிட்டால், மாரியில் அது வீட்டைத் தூக்கும், கோடையில் கைவிடும். சுவர் வெடித்த பிறகு கொத்தனாரைக் கோபித்துப் பயன் என்ன? அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற தூண்களை ஆழத்தில் நிறுத்திக் கட்டும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மண்ணுக்கென்றே வகுத்திருக்கிறார்கள். ஆனால் மண்ணைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கே அது உதவும்.

மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தைப் புரட்டுவதோடு நில்லாமல், நல்ல கோடையில் ஒரு முறை நிலத்தையும் நடந்து பார்க்கட்டும். வெடிப்பு எவ்வளவு ஆழமென்று ஒரு கோலை விட்டு அளந்தாலே போதும். அதன் பிறகு பொறியியல் அறிந்தவரைக் கலந்துகொள்வதா, வேண்டாமா என்பதை அந்த மண்ணே சொல்லிவிடும்.