ஏரி பார்க்கும் ஊர்

பள்ளிப்பட்டுக்காரர்களான நமக்கு ஆறு என்றால் கொசஸ்தலை ஆறு. மழைக்காலத்தில் அது ஆறு. மற்ற மாதங்களில் மணல். பெரிய ஏரி என்றால், அந்த ஆற்று நீரைத் தேக்கிச் சென்னைக்கு அனுப்பும் பூண்டி. இவ்வளவு அனுபவத்தோடு அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகருக்குச் சென்ற நம்மை, புதல்வன் ஒரு மாலை மிச்சிகன் ஏரியில் படகேற்றிவிட்டான்.

ஏரியாம் ஏரி! 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அக்கரை தெரியவில்லை. முகத்தில் தெறித்த நீரை நாக்கால் தொட்டுப் பார்த்தோம், உப்பில்லை. "போதுமே, நாலு பேர் பார்க்கிறார்கள்" என்று சகதர்மிணி முழங்கையால் இடித்தாள்.

கரை விலகியதும் திரும்பிப் பார்த்தோம். வீதியில் கழுத்து வலிக்க அண்ணாந்தும் முழுமையாகக் கண்ணில் அகப்படாத கட்டடங்களெல்லாம், அஸ்தமன ஒளியில் ஒரே வரிசையாக நின்றன. வடக்கே 100 மாடி ஹான்காக் கோபுரம். தெற்கே 110 மாடி சியர்ஸ் கோபுரம். இன்று அதன் பெயர் வில்லிஸ். மூங்கிலைப் போல வெளிக்கூடே பாரம் தாங்கும்படி இரண்டையும் வகுத்த பொறியியல் நிபுணர், 1929-இல் டாக்காவில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான். தேசம் பிரிவதற்கு முன் பிறந்தவர் அல்லவா? நாமே கட்டியதுபோல் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஆனால் கண் நிலைத்தது கோபுரங்களில் அல்ல. அவற்றின் காலடியில் தெரிந்த பச்சைக் கீற்றில். அதுதான் கிராண்ட் பூங்கா. கரையோர நிலம் கட்டடமின்றிப் பொதுஜனங்களுக்கே இருக்கவேண்டுமென்று 1836-ஆம் வருஷத்து வரைபடத்திலேயே குறித்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அங்கே ஆளுக்கொரு கட்டடம் எழுப்பப் பார்த்தார்கள். தபால் மூலம் சாமான் விற்ற மாண்ட்கமரி வார்டு என்ற வியாபாரி, 1890-இல் கோர்ட்டுக்குப் போனார். பத்திரிகைகள் ஏசின. மனிதர் அசையவில்லை, 1911 வரை வழக்காடி நிலத்தைக் காத்தார். அவர் இல்லையேல், தண்ணீர் விளிம்புவரை சுவரைத்தான் கண்டிருப்போம்.

ஊர் திரும்பியதும், மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாணம். விலாசம்: லேக் வியூ ரோடு, அதாவது, ஏரி பார்க்கும் சாலை! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். 2021 நவம்பர் மழையில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் முழங்காலளவு நீர் நின்றபோது, ஏரி பழைய இடத்தைத் தேடி வந்ததோ என்று தோன்றிற்று.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இருபுறமும் பார்த்தோம்.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"ஏரியைத்தான்."

நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "செம்பரம்பாக்கம் ரொம்ப தூரமாச்சே, சார்!"