எழுத்தும் அதன் தளமும்

எழுத்தைப் பற்றிப் பேசுவோர் மையைப் பற்றிப் பேசுவதுண்டு. தாளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தாள் வெண்மையாக இருக்கும், மை கருமையாக இருக்கும் என்ற எண்ணம் அத்தனை ஆழமாக நம்முள் ஊறிவிட்டது. கணிப்பொறித் திரை வந்த பிறகுதான் தாளும் ஒரு முடிவு, அதையும் ஒருவர் தேர்ந்து தர வேண்டும் என்பது சிலருக்காவது தெரிய வந்தது. அந்தச் சிலருள் பழைய பேசிக் மொழியில் நிரல் எழுதியவர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள் என்றே நாம் கருதுகிறோம்.

அமெரிக்க நாட்டின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் இம்மொழியை ஆக்கினார்கள். 1964-ஆம் ஆண்டு மே முதல் நாள் விடியற்பொழுதில் அதன் முதல் நிரல் ஓடிற்று. அறிவியல் மாணவர் மட்டுமன்றி எம்மாணவரும் கணிப்பொறியிடம் பேச வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். அந்நாளில் மாணவர் முன் இருந்தது திரையன்று, தந்தி அச்சுப்பொறி. இயந்திரத்தின் விடை சுருள் தாளில் அச்சாகி வெளிவரும். எழுத்தைக் காட்டும் ஆணைக்குப் 'பிரிண்ட்' என்று பெயர் வந்ததன் பொருத்தம் அதுவே. தளத்திற்கென்று ஓர் ஆணையை அவர்கள் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை; தாள் ஏற்கெனவே அங்கே இருந்தது.

திரை வந்ததும் தாள் போயிற்று. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் வண்ண அட்டையில், எண்பது எழுத்தும் இருபத்தைந்து வரியுமாக 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் நினைவகத்தில் இரண்டு பைட்டுகள். ஒன்று எழுத்து எது என்று சொல்லும். மற்றது அந்த எழுத்தின் நிறத்தையும் அது நிற்கும் தளத்தின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லும். தளத்தின் எண்ணைப் பதினாறால் பெருக்கி எழுத்தின் எண்ணைக் கூட்டினால் அந்த இரண்டாம் பைட்டு கிடைக்கும். நீலம் 1, மஞ்சள் 14. ஆகவே நீலத் தளத்தில் மஞ்சள் எழுத்து என்றால் 30. பேசிக்கில் 'கலர் 14, 1' என்று எழுதிவிட்டால் இக்கணக்கை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். எழுத்துக்குப் பதினாறு நிறம் உண்டு, தளத்திற்கோ எட்டே நிறம். எஞ்சிய ஒரு பிட்டை எழுத்தை மினுக்குவதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். கண் சிமிட்டும் எழுத்துக்காக எட்டுத் தளங்களை விட்டுக்கொடுத்தது நமக்கு ஒருபோதும் நல்ல வாணிகமாகப் பட்டதில்லை.

இங்கிலாந்தில் 1982-இல் வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு பொறியின் பேசிக்கில் இவ்விரண்டுக்கும் அழகான பெயர்கள் வைத்திருந்தார்கள். எழுத்தின் நிறத்தை இடும் ஆணை 'இங்க்', தளத்தின் நிறத்தை இடும் ஆணை 'பேப்பர்'. மையும் தாளும்! இயந்திரம் இழந்த தாளுக்கு மொழி பெயரைத் திருப்பித் தந்தது. ஆனால் அத்திரையின் 768 கட்டங்களில் எந்த ஒரு கட்டத்திலும் ஒரே மை, ஒரே தாள்தான் இருக்க முடியும். மூன்றாம் நிறம் நுழைந்தால் முன்னிருந்த நிறம் ஒன்று கெட்டுப் போகும்.

இவையெல்லாம் எழுத்துத் திரையின் கதை. வரைகலைத் திரைக்குப் போனால் நிலைமை தலைகீழ். 1987-இல் வந்த வி.ஜி.ஏ. அட்டையில், கியூபேசிக்கின் 'ஸ்கிரீன் 12' என்னும் முறையில், குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள், பதினாறு நிறங்கள். கோடு வரையலாம், வட்டம் வரையலாம், எப்புள்ளிக்கும் எந்நிறமும் இடலாம். இத்தனை உரிமை தந்த முறையில் 'கலர்' ஆணை எழுத்தின் நிறத்தை மட்டுமே ஏற்கும். தளத்தின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் பிழை என்று சொல்லி நிரல் நின்றுவிடும். 'பிரிண்ட்' இடும் ஒவ்வோர் எழுத்தும், அகலம் எட்டு உயரம் பதினாறு என்ற கருப்புக் கட்டம் ஒன்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். அழகிய நீல வானம் வரைந்து அதன்மேல் ஒரு சொல்லை எழுதினால், வானத்தில் கரும்பலகை ஒன்று அறைந்தது போலத் தோன்றும்.

இதற்கு நிரலாளர்கள் கண்ட வழிகள் பல. கருப்பு என்னும் சுழியம் நிறத்தையே வேறு நிறமாக மாற்றிவிடுவது ஒன்று. ஆனால் அப்போது திரை முழுவதும் மாறிவிடும். எழுத்தை இட்டபின் அதன் கட்டத்திலுள்ள 128 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக விசாரித்து, கருப்பாயிருப்பவற்றிற்கு மட்டும் வேண்டிய நிறம் பூசுவது மற்றொன்று. எண்பது எழுத்துள்ள ஒரு வரிக்கு 10,240 விசாரணைகள். பழைய பொறியில் அது முடிவதற்குள் ஒரு வாய்க் காப்பி குடித்துவிடலாம். மூன்றாவது வழியைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். அது எம் வீட்டோடு தொடர்புடையது.

தமிழனுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருந்தது. ஆங்கில எழுத்துகள் பொறியிலேயே பதிந்து வந்தன. ஆகவே ஆங்கிலத்திற்கு எழுத்துத் திரையில் வண்ணத் தளம் ஒரே ஆணையில் கிடைத்தது. தமிழ் எழுத்து பொறியில் இல்லை. எட்டுப் புள்ளி அகலத்தில் 'ணை'யையும் 'ஔ'வையும் அடக்குவதும் எளிதன்று. ஆகவே தமிழை எழுத விரும்பியவர் வரைகலைத் திரைக்குப் போய், எழுத்தைப் புள்ளி புள்ளியாகத் தாமே வரைய வேண்டியிருந்தது. 247 எழுத்தையும் வரைய வேண்டுவதில்லை. உயிர் பன்னிரண்டு, ஆய்தம், அகரமேறிய மெய் பதினெட்டு, உகர ஊகார வடிவங்கள் முப்பத்தாறு, கால் கொம்பு புள்ளி முதலிய துணைக்குறிகள், 'டி'யும் 'டீ'யும், வடவெழுத்துச் சில என எண்பதுக்குச் சற்று மேற்பட்ட வடிவங்கள் போதும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இவற்றை வரைந்து எண்களாக்கும் வேலையை 1995-ஆம் ஆண்டுக் கோடையில் நாம் செய்தோம். அப்போது நாம் குருமடத்தில் இறையியல் மாணவர்.

எம் தந்தையார் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். வாசிப்பே அவர் உணவு. ஒரு கண் முன்னமே போயிருந்தது. மற்றக் கண்ணின் கருவிழியில் தழும்பு படிந்து மங்கிக்கொண்டிருந்தது. அறுவை செய்து பயனில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். இத்தகைய கண்ணுக்கு வெள்ளைத் தாளே பகை. தாளிலிருந்து வரும் ஒளியெல்லாம் தழும்பில் பட்டுச் சிதறி, மூடுபனி போல எழுத்தின்மேல் கவிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் பனி போகாது. அறைக்குள் நுழையும் வெயிலையும் தாளையும் ஒன்றாகவே ஏசுவார்: "இந்த வெள்ளையைக் கொஞ்சம் அணைச்சு வையி தம்பி."

வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார், மூன்றாம் நாள் வேண்டாம் என்றார். "நீ உன் மூச்சுக்குத்தான் நிறுத்துற. எனக்கு நிறுத்தணும்னு தோணுற எடத்துல நீ ஓடிக்கிட்டே இருக்க." திருப்பலியில் பல்லாண்டுகள் வாசகம் வாசித்தவரிடம் நாம் இதற்கு என்ன மறுமொழி சொல்வது? பூசைப் புத்தகத்தில் சொல்ல வேண்டியதைக் கருப்பிலும் செய்ய வேண்டியதைச் சிவப்பிலும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். நிறமும் வாசிப்பின் ஒரு பகுதி என்பது எமக்குப் புதிதன்று. ஆனால் தளத்தின் நிறம் ஒரு மனிதருக்கு வாசிப்பையே திருப்பித் தரக்கூடும் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

நண்பர் ஒருவர் கொடுத்த பழைய கணிப்பொறி வீட்டில் இருந்தது. பதினாறு தளம், ஒவ்வொன்றிலும் பதினைந்து எழுத்து நிறம் என 240 இணைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டும் நிரல் ஒன்றை முதலில் எழுதினோம். தந்தையார் நாற்காலியில் அமர்ந்து, பள்ளி ஆய்வாளரைப் போல, "தள்ளு... தள்ளு... நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கருப்புத் தளத்தில் மஞ்சள் எழுத்து அவருக்குத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் இரட்டித்து, 32 புள்ளி அகலமும் உயரமும் உள்ள எழுத்தாக்கினோம். வரிக்கு இருபது எழுத்து, திரைக்குப் பத்து வரி. 'கெட்' ஆணையால் ஓர் எழுத்தின் உருவத்தைச் சேமிக்க 516 பைட்டு வேண்டும். எண்பத்திரண்டு வடிவத்திற்கு 42,312 பைட்டு. ஓர் அணிக்குக் கியூபேசிக் தரும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கிற்று.

அவர் வாசித்தார். ஆனால் வரியின் முடிவுக்குப் போய்த் திரும்புகையில் அடுத்த வரி எது என்று தடுமாறினார். தாளில் என்றால் விரல் வைத்துக்கொள்வார். கண்ணாடித் திரையில் விரல் வைத்தால் விரலே வரியை மறைத்தது. வாசிக்கும் வரிக்கு மட்டும் வேறு தளம் வேண்டும் என்பதே அவர் கேட்டது. கேட்கும்போது 'தளம்' என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "அந்த வரிக்கு மட்டும் ஒரு பாய் விரியேன்" என்றார்.

மேலே நிறுத்திவைத்த மூன்றாவது வழி இங்கேதான் கைகொடுத்தது. 'புட்' ஆணையில் 'எக்ஸ்-ஆர்' என்றொரு முறை உண்டு. புதிய நிறத்தின் பிட்டும் திரையிலுள்ள நிறத்தின் பிட்டும் ஒன்றாயிருந்தால் சுழியம், வேறாயிருந்தால் ஒன்று என்று பிட்டு பிட்டாகச் சேர்க்கும் கணக்கு அது. நீலம் மட்டுமே நிறைந்த பட்டை ஒன்றை, 640 புள்ளி நீளம், 48 புள்ளி உயரம், ஒரு வரியின்மேல் இவ்வாறு இட்டால், கருப்புத் தளம் சுழியத்திலிருந்து 1 ஆகி நீலமாகிறது. மஞ்சள் எழுத்து 14-லிருந்து 15 ஆகி வெள்ளையாகிறது. எழுத்தின் ஒரு புள்ளியும் சிதைவதில்லை. அதே பட்டையை அதே இடத்தில் மறுமுறை இட்டால், நீலம் மீண்டும் கருப்பாகிறது, வெள்ளை மீண்டும் மஞ்சளாகிறது. விரித்த பாயைச் சுருட்டியது போல, முன்னிருந்தது முன்னிருந்தவாறே திரும்புகிறது. முன்பு என்ன இருந்தது என்று எங்கும் குறித்துவைக்க வேண்டியதில்லை. கணிதத்தில் இதைவிடப் பெரிய உண்மைகள் பல இருக்கலாம். எம் வீட்டுக்கு இதுவே போதுமாயிருந்தது.

இடைவெளிப் பட்டையைத் தட்டினால் பாய் ஒரு வரி கீழே இறங்கும். 'என்டர்' விசையைத் தட்டினால் ஒரு வரி மேலே ஏறும். தடவியறிவதற்காக அவ்விசையின்மேல் பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டினோம். கோடை முடிந்து நாம் குருமடம் திரும்பியபின், தங்கை மாலைதோறும் கட்டுரைகளையும் ஞாயிறு வாசகங்களையும் தட்டச்சு செய்து வைத்தாள். நான்கு பக்கக் கட்டுரை ஒன்று நாற்பது திரையாகும். அதை முடிக்க அவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றும், இடைவெளிப் பட்டையைவிட மேலேறும் விசைதான் அதிகம் தேய்கிறது என்றும் தங்கை எமக்குக் கடிதம் எழுதினாள். வாசித்த வரிக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார்.

பழைய பேசிக்கை இன்றைய கணிப்பொறிகளில் இயக்கும் கியூபி64 என்றொரு மென்பொருள் இருக்கிறது. பின்னே உள்ளதைக் கெடுக்காமல் எழுத்தை மட்டும் இடுவதற்கு அதில் தனி ஆணையே உண்டு; கருப்புக் கட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கைப்பேசிகளிலும் இருண்ட தளம் என்ற வசதி வந்துவிட்டது. எம் பங்கில் பார்வை மங்கிய முதியோர் சிலருக்கு அதை அமைத்துக் கொடுப்பது ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு எமக்கொரு வேலையாகியிருக்கிறது. ஒரே அமைப்பை எல்லாருக்கும் வைப்பதில்லை; எது தெரிகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே வைக்கிறோம். இருவருக்குக் கருப்பு ஒத்துக்கொள்ளவில்லை, வெள்ளையே வேண்டுமென்றார்கள். சென்ற மாதம் பாட்டியம்மா ஒருவர், கரும்பச்சையில் வெள்ளை எழுத்து வருமா சாமி, பள்ளிக்கூடப் பலகை மாதிரி, என்று கேட்டார். அவர் திருவிவிலியம் வாசிக்கும் செயலியில் வெள்ளை, கருப்பு என்று இரண்டே தளம். பச்சை தரும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.