மிளகாய் மில்லும் விளம்பரப் படமும்

வாணிகத்துக்கு விளம்பரப் படம் என்றதும், பணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யவேண்டிய காரியம் அஃது என்றே பலர் எண்ணுகின்றனர். எமது மாணவர்களும் அவ்வாறே எண்ணினர். கொட்டாஞ்சேனையிலே மிளகாய் வறுத்து அரைத்து விற்கும் மில்காரர் ஒருவர், மூன்று நிமிடப் படமொன்று வேண்டுமென்று 30,000 ரூபாவை எம் கையில் வைத்தபோது, அவர்கள் முகம் வாடிவிட்டது.

நாம் அவர்களுக்கு முதலிற் காட்டியது 1934ஆம் ஆண்டுப் படமொன்றை. 'சோங் ஒஃப் சிலோன்' என்பது அதன் பெயர். கலைப் படைப்பென்று உலகம் போற்றும் அப்படம், உண்மையிலே தேயிலைக்கான விளம்பரம். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. நான்கு சிறு பயணப் படங்கள் எடுத்துவர அனுப்பப்பட்ட பசில் றைற் என்னும் இளம் ஆங்கிலேயர், கமராவைத் தாமே இயக்கினார். உடன் வந்த உதவியாளர் ஒருவரே. ஒலி பின்னர் லண்டனிலே சேர்க்கப்பட்டது. 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வாசகங்களை, எமது கொழும்பின் லயனல் வென்ட் வாசித்தார். அவர் பெயர் தாங்கிய அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகும் நம்மவருட் பலர் இதனை அறியார். 1935இல் பிரசல்ஸ் படவிழாவிலே அதற்கு முதற் பரிசு கிடைத்தது.

படத்தையும் ஒலியையும் வெவ்வேறாக எடுக்கும் அம்முறை ஏழைக்கு மிகவும் ஏற்றது. மில் ஓடும் இரைச்சலிலே பேச்சைப் பதிய முயல்வது வீண். ஆகவே காலை ஏழு மணிக்குக் கிழக்கு யன்னலால் விழும் வெயிலிலே கைத்தொலைபேசியாற் படம் பிடித்தோம். நிழல் விழுந்த பக்கத்துக்கு வெள்ளை றெஜிபோம் அட்டையொன்று வெளிச்சம் தந்தது. மாலையில் மில் நின்ற பின், மிளகாய் மூட்டை அடுக்கிய அறையிலே குரல்களைப் பதிந்தோம். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். கலையகங்களிலே பெரும்பணம் கொடுத்துப் பெறும் வசதி இது. மைக் வாடகையும், வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோக் கூலியும் போக, பெருஞ்செலவு மாணவர் சாப்பாடுதான்!

ஆயின் அப்பழைய படத்திலே எம்மை உறுத்தும் இடமொன்றுண்டு. மூன்றாம் பகுதியிலே, திரையில் உழைப்பவர் தோன்ற, செவியில் விழுவன சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களுமே. இயக்குநர் அம்முரணை வேண்டுமென்றே வைத்திருக்கலாம். எனினும் தேயிலை கொய்த எம் பெண்கள் தம் கதையைத் தம் வாயாற் சொல்லவில்லை.

எமது மில்லிலே மிளகாய் வறுப்பவரும் ஹற்றன் பக்கத்துப் பெண்மணி ஒருவரே. "அக்கா, பதம் எப்பிடித் தெரியும்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். "வாசமே சொல்லிரும் தம்பி. தும்மல் வர்றதுக்கு முந்தியே எறக்கிறணும்" என்றார். இதனினும் நல்ல விளம்பரம் வேறேது?

முதலாளி உடன்படவில்லை. "மாஸ்டர், என்ர காசில எடுக்கிற படம். கடைப் பேரைச் சொல்லாமல் இவ தும்மலைப் பற்றியெல்லோ கதைக்கிறா!" என்றார். அதிலும் நியாயம் உண்டு. அவர் குரலோடு ஒரு பிரதி, குரலின்றி ஒரு பிரதி என இரண்டையும் காட்டினோம். குரலில்லாதது ஓடுகையில் முதலாளி தமது தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதிலே தும்மல் என்ற சொல் வந்ததும் நிமிர்ந்து சிரித்துவிட்டார்.

பெயர்ப்பலகை இரு தடவை வரவேண்டும் என்ற நிபந்தனையோடு அந்தப் 12 விநாடிகளும் நிலைத்தன. அப்பெண்மணியின் பெயரையும் ஈற்றில் திரையிலே இடவேண்டும் என்று மாணவர் கேட்டிருக்கின்றனர். முதலாளி இன்னும் விடை தரவில்லை.